லைப்சிக் நகரத்து இசையாசான்

ஐரோப்பிய இசை வரலாற்றில் 1600 முதல் 1750 வரையிலான ஒன்றரை நூற்றாண்டைப் பரோக் காலம் என்று வழங்குவர். ஒழுங்கற்ற வடிவமுடைய முத்தைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து இப்பெயர் தோன்றியது என்பது பெரும்பான்மையோர் கருத்து. மிகையானது, இயல்பிலிருந்து விலகியது என்னும் இகழ்ச்சிப் பொருளிலேயே பிற்காலத்தவர் இச்சொல்லை முதலில் ஆண்டனர். வசையாக வந்த சொல், காலப்போக்கில் வரலாற்றுப் பெயராக நிலைபெற்றுவிட்டது. அக்காலத்தின் தொடக்கத்தைக் குறிக்கப் பல நிகழ்வுகளைச் சுட்டலாம். 1607ஆம் ஆண்டு இத்தாலியின் மாந்துவா நகரில் மாந்தவெர்டியின் இசை நாடகமான ஓர்ஃபியோ அரங்கேறியது அவற்றுள் ஒன்று. முடிவைக் குறிக்கவோ ஒரு தனி மனிதரின் மறைவே போதுமானதாயிற்று. அவர் யோகான் செபாஸ்டியன் பாக்.

பாக் செருமானிய நிலப்பகுதியை விட்டு வெளியே வாழ்ந்ததே இல்லை. இத்தாலியின் இசையரங்குகளையோ பிரான்சின் அரசவையையோ அவர் கண்டதில்லை. எனினும் அந்நாடுகளின் இசை வடிவங்கள் அனைத்தும் அவருடைய எழுதுமேசைக்கு வந்து சேர்ந்தன. பிறர் எழுதியவற்றைப் படியெடுத்துப் படியெடுத்தே அவர் இசை கற்றார்.

இசைக்குடும்பத்தின் இளவல்

செருமனியின் துரிங்கியா பகுதியில் பாக் என்னும் குடும்பப்பெயர் இசைக்கலைஞர் என்பதற்கு மறுபெயர் போல விளங்கியது. பல தலைமுறைகளாக அக்குடும்பத்தினர் ஊர்தோறும் ஆர்கன் வாசிப்போராகவும் நகர இசைஞராகவும் பணியாற்றிவந்தனர். ஐசனாக் நகரின் இசைஞரான யோகான் அம்புரோசியசுக்கும் மரியா எலிசபெத்துக்கும் எட்டாவது குழந்தையாக, அன்று அப்பகுதியில் வழங்கிய பழைய நாட்காட்டியின்படி 1685ஆம் ஆண்டு மார்ச் 21 அன்று செபாஸ்டியன் பிறந்தார். அதே ஆண்டில், அங்கிருந்து வெகுதொலைவில்லாத ஹாலே நகரில் ஹாண்டல் பிறந்தார். பரோக் காலத்தின் இவ்விரு பெருங்கலைஞர்களும் வாழ்நாளில் ஒருமுறைகூட நேரில் சந்திக்கவில்லை.

ஒன்பதாம் வயதில் தாயையும், அடுத்த ஆண்டுக்குள் தந்தையையும் இழந்த சிறுவனை ஓர்ட்ரூஃப் என்னும் சிற்றூரில் ஆர்கன் வாசிப்பவராக இருந்த மூத்த அண்ணன் தம் இல்லத்துக்கு அழைத்துக்கொண்டார். அவரே முறையான விசைக்கருவிப் பயிற்சியின் முதல் ஆசான். அண்ணனிடம் அக்காலப் பெருங்கலைஞர்களின் இசைப்படைப்புகள் அடங்கிய கையெழுத்துப் படியொன்று இருந்தது. அதைத் தொடத் தம்பிக்கு இசைவு கிடைக்கவில்லை. கம்பியிட்ட கதவுடைய அலமாரியில் பூட்டப்பட்டிருந்த அதனை, இடைவெளி வழியே சிறு கையை நுழைத்துச் சுருட்டி வெளியே எடுத்து, நிலவொளியில் ஆறு திங்கள் உழைத்துச் சிறுவன் படியெடுத்தான். அண்ணன் அதைக் கண்டறிந்து, அரும்பாடுபட்டு எழுதிய படியையும் பறித்துக்கொண்டார். பாக் மறைந்தபின் வெளிவந்த இரங்கலுரையில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. குடும்பத்தில் பலமுறை சொல்லப்பட்டு மெருகேறிய கதையாகவும் இருக்கலாம். ஆயினும் படியெடுத்துக் கற்கும் பழக்கம் அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை என்பது அவருடைய கையெழுத்துப் படிகளால் உறுதியாகிறது.

பதினைந்தாம் வயதில் பள்ளித்தோழர் ஒருவருடன் வடக்கே ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள லூனபர்க் நகரை அடைந்து, அங்குள்ள புனித மைக்கேல் பள்ளியின் பாடகர் குழுவில் சேர்ந்தார். குரல் உடைந்தபின் கருவியிசையே அவருடைய வழியாயிற்று.

நடந்து சென்று கற்ற கலை

1703இல், பதினெட்டு வயதில், ஆர்ன்ஸ்டாட் நகரின் புதிய தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவராகப் பணியமர்ந்தார். ஆர்கன் என்பது அக்காலத்தின் மிகச் சிக்கலான இயந்திரங்களுள் ஒன்று. துருத்திகளை ஆட்கள் மிதிக்க, அவை எழுப்பும் காற்று பெரியதும் சிறியதுமான நூற்றுக்கணக்கான குழல்களுக்குள் பாய்ந்து ஒலியாக மாறும். வாசிப்பவர் இரு கைகளால் மேலுள்ள விசைக்கட்டைகளையும், இரு கால்களால் கீழுள்ள மிதிகட்டைகளையும் ஒரேநேரத்தில் இயக்குதல் வேண்டும். இக்கருவியின் உறுப்புகள் ஒவ்வொன்றையும் பாக் அறிந்திருந்தார். புதிய ஆர்கன்களைச் சோதித்துச் சான்றளிக்கப் பல ஊரார் அவரை அழைத்தனர்.

1705ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் நான்கு வார விடுப்புப் பெற்றுக்கொண்டு, நானூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள லூபெக் நகருக்கு அவர் நடந்தே சென்றார். அங்கு முதுபெரும் கலைஞர் பக்ஸ்டஹூடவின் ஆர்கன் இசையைக் கேட்பதே அவருடைய நோக்கம். நான்கு வாரம் ஏறத்தாழ நான்கு திங்களாக நீண்டது. திரும்பி வந்தவரைத் தேவாலய நிருவாகத்தினர் விசாரித்தனர். விடுப்பு மீறியதோடு, வழிபாட்டுப் பாடல்களுக்கு இடையே அவர் புதுப்புதுச் சுரங்களைப் புகுத்திப் பாடுவோரைக் குழப்புகிறார் என்பதும் குற்றச்சாட்டு. இளைஞர் பெரிதாக வருந்தியதாகத் தெரியவில்லை.

வடசெருமனியின் ஆர்கன் மரபில் அவர் ஆழ்ந்து கற்றது கவுண்டர்பாயிண்ட் என்னும் கலை. ஒரே மெட்டைப் பலர் சேர்ந்து பாடுவதன்று இது. தனித்தனி மெட்டுகளையுடைய இரண்டு, மூன்று, நான்கு குரல்கள் ஒரேநேரத்தில் ஒலிக்கும். ஒவ்வொன்றும் தன்னளவில் முழுமையான மெட்டாக இருக்கும். ஒன்றையொன்று மறைக்காமலும் ஒன்றோடொன்று முரணாமலும் அவை செல்லும். இக்கலையின் உச்ச வடிவம் ஃபியூக் எனப்படுகிறது. இதில் ஒரு குரல் தனித்து ஒரு சிறு இசைக்கருவைத் தொடங்கும். அது முடிந்ததும், இரண்டாம் குரல் அதே கருவைப் பஞ்சமத்தில் ஏந்திப் பாடும்; முதற்குரல் ஓய்ந்துவிடாமல் அதற்கு எதிராக வேறொரு மெட்டைப் பாடிச் செல்லும். பின்னர் மூன்றாம் குரலும் நான்காம் குரலும் புகும். கரு தலைகீழாகும், இருமடங்கு நீளும், பாதியாகச் சுருங்கும், ஒரு குரல் முடிக்குமுன் மற்றொன்று அதைத் துரத்திக்கொண்டு வரும். ஃபியூக் என்னும் சொல்லுக்கு ஓடுதல் என்பதே பொருள். விதிகள் கடுமையானவை, அவ்விதிகளுக்குள் நின்றுகொண்டே கேட்பவர் நெஞ்சை உருக்குதல் அரிது. அவ்வரிய செயலைப் பாக்கைப்போல் செய்தவர் அவருக்கு முன்னும் இலர், பின்னும் இலர் எனலாம்.

அரண்மனைப் பணி

ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து மூல்ஹவுசனுக்கு வந்த பாக், 1707இல் தம் உறவினரான மரியா பார்பராவை மணந்தார். அடுத்த ஆண்டே வைமர் நகரக் கோமகனின் அவையில் ஆர்கன் வாசிப்பவரானார். அங்குதான் இத்தாலியக் காற்று அவர்மீது வீசியது. வெனிசு நகரத்து விவால்டியின் கன்சர்ட்டோக்கள் அச்சாகி வடக்கே வந்துகொண்டிருந்தன. கன்சர்ட்டோ என்பது தனிக்கருவிக்கும் குழுவுக்கும் இடையே நிகழும் உரையாடல். குழு முழுவதும் சேர்ந்து ஒரு பல்லவியை முழக்கும். தனிக்கருவி விலகிச் சென்று தன் திறன் காட்டும். பல்லவி வேறு சுருதியில் மீளும். இறுதியில் தொடங்கிய சுருதிக்கே வந்து சேரும். பாக் விவால்டியின் படைப்புகள் பலவற்றை விசைக்கருவிகளுக்கு ஏற்ப மாற்றி எழுதினார். தெளிவான கட்டமைப்பும் முன்னோக்கிப் பாயும் ஓட்டமும் அவ்வாறே அவருக்கு வசமாயின.

வைமரில் மேற்பதவி வேறொருவருக்குச் செல்லவே, பாக் கோத்தன் அவையில் வேலை தேடிக்கொண்டு விலக முற்பட்டார். கோமகன் விடை தரவில்லை. விடாது வற்புறுத்திய குற்றத்திற்காக 1717 நவம்பர் 6 முதல் டிசம்பர் 2 வரை அவரைச் சிறையிலிட்டார். பின்னர் அவப்பெயரோடு பணிநீக்கம் செய்தார். இசைக்கலைஞர் அன்று அரண்மனை ஊழியருள் ஒருவரே. பணியை விட்டுச் செல்வதும் எசமானரின் அருளைப் பொறுத்ததாகவே இருந்தது.

கோத்தனின் இளம் இளவரசர் லியோபோல்டு இசையில் தேர்ந்தவர். அவருடைய சமயப்பிரிவின் வழிபாட்டில் விரிவான இசைக்கு இடமில்லை. ஆகவே பாக்கின் உழைப்பு கருவியிசையின்பால் திரும்பியது. அன்று எந்தக் குழுவிசைக்கும் அடித்தளமாக அமைந்தது பாஸோ கன்டினுவோ என்னும் இடைவிடாத கீழ்க்குரல். செல்லோ போன்ற கருவியொன்று அக்கீழ்க்குரலை வாசிக்கும். அதன்மேல் எழுதப்பட்ட எண்களைப் பார்த்து, ஹார்ப்சிகார்ட் கலைஞர் உடன் ஒலிக்கவேண்டிய சுரங்களை அந்நேரத்திலேயே தாமாக நிரப்பிச் செல்வார். பரோக் இசையின் முதுகெலும்பு இதுவே. பின்னணியில் அமர்ந்து துணைசெய்வதே ஹார்ப்சிகார்டின் வேலை என்றிருந்த நிலையை, 1721இல் பிராண்டன்பர்க் சிற்றரசருக்குக் காணிக்கையாக்கிய ஆறு கன்சர்ட்டோக்களுள் ஐந்தாவதில் பாக் மாற்றினார். அதன் முதற்பகுதியின் முடிவை நெருங்குகையில் ஏனைய கருவிகள் அனைத்தும் அடங்க, ஹார்ப்சிகார்ட் மட்டும் நெடுநேரம் தனித்து முழங்குகிறது.

சூட் என்னும் வடிவமும் கோத்தனில் செழித்தது. அலமாந்து, கூராந்து, சரபாந்து, ஜீக் எனப் பல நாட்டு நடனங்களின் தாளநடைகளைக் கோத்து அமைப்பது சூட். ஆடுவதற்கான இசையாகத் தோன்றிய அது, பாக்கின் கையில் அமர்ந்து கேட்பதற்கான இசையாயிற்று. தனிச் செல்லோவுக்காக அவர் எழுதிய ஆறு சூட்டுகளில் துணைக்கருவி எதுவுமில்லை. ஒரே கருவி மட்டுமே. இருந்தும், கேட்பவர் செவியில் இரண்டு மூன்று குரல்கள் விட்டுவிட்டு ஒலிப்பதுபோல் தோன்றும். 1722இல் தொகுத்த நன்கு சுருதி கூட்டப்பெற்ற விசைக்கருவிக்கான நூல் மற்றொரு சாதனை. பழைய சுருதி முறைகளில் விசைக்கருவியின் சில சுருதிகள் இனிமையாகவும் சில செவிக்கு ஒவ்வாமலும் ஒலித்தன. பன்னிரு சுரத்தானங்களையும் எல்லாச் சுருதிகளுக்கும் பயன்படுமாறு கூட்டினால் என்ன விளையும் என்பதை, இருபத்துநான்கு சுருதிகளிலும் முன்னிசையும் ஃபியூக்குமாக இணைகளை எழுதிப் பாக் காட்டினார். கற்கும் இளைஞர்களுக்காகவே அந்நூல் என்று அவர் முகப்பில் குறித்தார்.

இக்காலத்திலேயே பேரிழப்பும் நேர்ந்தது. 1720ஆம் ஆண்டு இளவரசருடன் கார்ல்ஸ்பாட் நகருக்குச் சென்று திரும்பியபோது, நலமாக விட்டுச்சென்ற மனைவி இறந்து அடக்கமும் முடிந்திருந்தது. அடுத்த ஆண்டின் இறுதியில் அவையின் பாடகி அன்னா மக்தலேனாவை அவர் மணந்தார். கணவரின் இசைப்படைப்புகளைப் படியெடுக்கும் பணியில் அவர் நெடுங்காலம் துணைநின்றார். இருவர் கையெழுத்தும் வேறுபாடு காண இயலாத அளவுக்கு ஒத்துவிட்டன. இரு மனைவியர் வழிப் பிறந்த இருபது குழந்தைகளுள் பத்துப்பேரே வளர்ந்து ஆளாயினர்.

ஞாயிறுதோறும் ஒரு புதுப்படைப்பு

1723இல் லைப்சிக் நகரப் புனித தாமஸ் தேவாலயத்தின் இசைத்தலைவராகப் பாக் பொறுப்பேற்றார். நகர மன்றம் முதலில் நாடியது புகழ்பெற்ற டெலமானை, அடுத்து கிராப்னரை. இருவரும் கிடைக்காத நிலையில்தான் பாக்குக்கு வாய்ப்பு வந்தது. தாமஸ் பள்ளி மாணவர்க்கு இசை பயிற்றுதல், நகரின் முதன்மைத் தேவாலயங்களின் இசைக்குப் பொறுப்பேற்றல், திருமணங்களுக்கும் இறுதி ஊர்வலங்களுக்கும் பாடகரை அனுப்புதல் எனக் கடமைகள் பல. இவற்றிற்கு நடுவே ஞாயிறுதோறும் வழிபாட்டில் ஒரு கான்டாட்டா நிகழ்த்தவேண்டும்.

கான்டாட்டா என்பது அவ்வார மறைநூல் வாசகத்தை விளக்கும் இசைத்தொகுப்பு. கூட்டுப்பாடல் முன்னே வரும். பேச்சை ஒட்டிச் செல்லும் ரெசிடடிவ் நிகழ்ச்சியைக் கூறும். ஆரியா என்னும் தனிப்பாடல் அதனால் எழும் உணர்வை விரித்துரைக்கும். ஓர் ஆரியா ஓர் உணர்வையே தாங்கவேண்டும் என்பது பரோக் காலக் கொள்கை; துயரெனில் முதல் சுரம் முதல் இறுதிவரை துயர், களிப்பெனில் களிப்பு. இறுதியில், ஊரார் அனைவரும் அறிந்த கோரல் என்னும் எளிய வழிபாட்டுப் பாடல் நான்கு குரல்களில் ஒலிக்கும். முதலிரண்டு ஆண்டுகளில் பாக் ஏறத்தாழ வாரத்துக்கு ஒன்றாக இவற்றை எழுதிக் குவித்தார். மை காயுமுன் மாணவரும் குடும்பத்தாரும் அமர்ந்து கருவிக்கொரு படியாக எழுதுவர், சிறிதளவே ஒத்திகை, ஞாயிறன்று நிகழ்வு, மறுநாள் அடுத்த படைப்புக்கான தாள் மேசைமேல் விரிந்திருக்கும்.

இப்பணியின் சிகரம், 1727ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று நிகழ்த்தப்பட்டதாகக் கருதப்படும் மத்தேயு பாஷன். இயேசுவின் பாடுகளையும் மரணத்தையும் கூறும் பேரிசை வடிவம் பாஷன் எனப்படும். இதில் இரு பாடகர் குழுக்களும் இரு கருவியிசைக் குழுக்களும் எதிரெதிரே நின்று வினவியும் விடைபகர்ந்தும் செல்கின்றன. இயேசு பேசும் இடங்களிலெல்லாம் வயலின் முதலிய நரம்புக்கருவிகள் நீண்ட சுரங்களால் அவர் குரலைச் சூழ்ந்து நிற்கின்றன. ஓவியர்கள் தலையைச் சுற்றித் தீட்டும் ஒளிவட்டம் போன்றது அது. சிலுவையில் கைவிடப்பட்டவராய் அவர் கதறும் இடத்தில் மட்டும் அந்நரம்பிசை இல்லை. ஒளிவட்டம் மறைந்துவிடுகிறது. பாடுவோர் விளக்கம் எதுவும் கூறவில்லை. கேட்பவர் நெஞ்சு தானே உணர்ந்துகொள்கிறது.

இத்தகைய படைப்புகளை அவர் எத்தகைய கருவியைக்கொண்டு நிகழ்த்தினார் என்பதற்கு, 1730இல் நகர மன்றத்துக்கு அளித்த விண்ணப்பம் சான்றாகும். அதில் மாணவரை அவர் வகைப்படுத்தியுள்ளார்: பயன்படுவோர் 17 பேர், இன்னும் பயிற்சி வேண்டுவோர் 20 பேர், பயனற்றோர் 17 பேர். போதிய இசைஞர்கள் இல்லை. இருப்போர்க்கு ஊதியமும் இல்லை. மன்றமோ அவர் கடமை தவறுவதாகக் கூறி, மேல்வருவாயைக் குறைக்க முடிவுசெய்தது. அதே ஆண்டில், லூனபர்க்குக்கு உடன்வந்த பழைய தோழருக்கு வேறு வேலை வேண்டி அவர் மடல் எழுதினார். ஆண்டு வருவாய் ஏறத்தாழ 700 தாலர் என்றும், அதில் பெரும்பகுதி இறுதிச்சடங்குகளைச் சார்ந்தது என்றும், நகரின் காற்று நலமாக வீசிய முந்தைய ஆண்டில் சாவுகள் குறைந்து தமக்கு 100 தாலருக்கு மேல் இழப்பு நேர்ந்தது என்றும் அதில் கணக்குக் கூறியுள்ளார். மடலில் வெளிப்படுவது பேராசையன்று. பெருங்குடும்பத்தைத் தாங்கும் தந்தையின் கவலை. அந்த வேறு வேலை கிடைக்கவில்லை. இறுதிவரை அவர் லைப்சிக்கிலேயே இருந்தார்.

மன்றத்தோடு பிணக்கு முற்றியபோதும் இசை முற்றுப்பெறவில்லை. மாணவர்களும் இசை ஆர்வலர்களும் கூடிய இசைக்கழகத்தைத் தலைமையேற்று நடத்தி, சிம்மர்மன் என்பவரின் காப்பிக்கடையில் வாரந்தோறும் இசை நிகழ்த்தினார். காப்பிப் பழக்கத்தைக் கைவிட மறுக்கும் பெண்ணையும் கடிந்துகொள்ளும் தந்தையையும் பற்றிய நகைச்சுவைக் கான்டாட்டாவும் இக்காலத்தில் பிறந்ததே.

காலம் மாறியது

1730களில் இளைஞர்களின் சுவை வேறுதிசையில் திரும்பியது. ஒரே இனிய மெட்டும் அதற்கு எளிய துணையும் போதும் என்று அவர்கள் கருதினர். 1737இல் ஷைபே என்னும் இளம் திறனாய்வாளர், பாக்கின் இசை அளவுமீறிய நுணுக்கத்தால் இயல்பழகை இழந்துவிட்டதாக எழுதினார். பாக் தம் நடையை எளிமையாக்கவில்லை. மாறாக, ஃபியூக் கலையின் ஆழத்துக்குள் மேலும் இறங்கினார்.

1747 மே மாதம் பிரசிய மன்னர் பிரெடரிக்கின் அழைப்பின்பேரில் போட்சுடாம் அரண்மனைக்குச் சென்றார். அவருடைய மகன் இமானுவேல் அங்கு அவைக்கலைஞர். மன்னர் கடினமான இசைக்கரு ஒன்றை அளிக்க, அறுபத்திரண்டு வயதான பாக் அங்கேயே மூன்று குரல் ஃபியூக் ஒன்றைப் புனைந்து வாசித்தார். ஆறு குரலில் வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, அக்கரு அதற்கு உடனே இடந்தராது என்றுணர்ந்து, தாம் தேர்ந்த வேறு கருவில் வாசித்தார். அது அவர் மனத்தில் உறுத்தியிருக்கவேண்டும். லைப்சிக் திரும்பியதும் மன்னரின் கருவிலேயே ஆறு குரல் படைப்பை எழுதி, வேறு பல நுட்பப் படைப்புகளையும் சேர்த்து, இசைக் காணிக்கை என்னும் பெயரில் அச்சிட்டு அனுப்பினார்.

ஒரே கருவிலிருந்து ஃபியூக்கின் வகைகளையெல்லாம் விளைவிக்கும் பெருநூலொன்றும் எழுந்துகொண்டிருந்தது. செருமானிய முறையில் சுரங்களைக் குறிக்கும் எழுத்துகளால் பாக் என்னும் பெயரை எழுத முடியும். அந்த நான்கு சுரங்களை ஒரு கருவாக்கி இறுதி ஃபியூக்கில் அவர் புகுத்தினார். கையெழுத்துப் படி அதன்பின் சில அடிகளில் நின்றுவிடுகிறது. பார்வை மங்கியதால், 1750இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஜான் டெய்லர் என்னும் ஊர்சுற்றும் கண் மருத்துவரிடம் இருமுறை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். பார்வை முற்றிலும் போயிற்று, உடலும் தளர்ந்தது. அவ்வாண்டு சூலை 28 அன்று பாக் மறைந்தார்.

சிதறிய தாள்கள்

கையெழுத்துப் படிகளை மகன்கள் பங்கிட்டுக்கொண்டனர். இமானுவேல் தம் பங்கைப் பேணிக்காத்தார். மூத்தவர் ஃபிரீடமன் வறுமையில் விற்றவற்றுள் பல எங்கோ போய்விட்டன. ஐந்தாண்டு ஞாயிறுகளுக்கான கான்டாட்டாக்களை அவர் எழுதினார் என்கிறது இரங்கலுரை. இன்று எஞ்சியவை ஏறத்தாழ இருநூறு. அச்சான ஃபியூக் நூல் 1756 வரை முப்பது படிகள் அளவிலேயே விற்றதால், அதன் செப்புத் தகடுகளை விற்பதாக இமானுவேல் அறிவித்தார். அன்னா மக்தலேனா பிறர் உதவியை நம்பி வாழ்ந்து 1760இல் மறைந்தார்.

விசைக்கருவி நூல் மட்டும் ஆசிரியர் கையிலிருந்து மாணவர் கைக்கு மாறிக்கொண்டேயிருந்தது. சிறுவன் பீத்தோவன் அதைப் பயின்று வளர்ந்தான். பெருங்குழு இசையோ உறங்கிக்கிடந்தது. பெலிக்ஸ் மெண்டல்சோன் என்னும் இளைஞருக்கு அவருடைய பாட்டி மத்தேயு பாஷனின் படியொன்றைப் பரிசளித்திருந்தார். நிகழ்த்தவே இயலாது என்று பலர் கருதிய அதனை, 1829 மார்ச் 11 அன்று, தம் இருபதாம் வயதில், பெர்லின் பாடகர் சங்கத்தில் மெண்டல்சோன் நிகழ்த்தினார். இடமின்றிப் பலர் திரும்பிச் செல்லவே, பத்து நாள்கள் கழித்துப் பாக்கின் பிறந்தநாளன்று மீண்டும் நிகழ்த்தவேண்டியதாயிற்று. 1850இல் அவருடைய படைப்புகளைத் தேடித் தொகுத்து வெளியிடுவதற்கென ஒரு சங்கமே தோன்றியது. அப்பணி முடிய அரை நூற்றாண்டாயிற்று.

புனித யோவான் தேவாலயத்தின் இடுகாட்டில் பெயர்ப்பலகையின்றிப் புதைக்கப்பட்ட உடலின் எச்சங்கள் 1894இல் தோண்டியெடுக்கப்பட்டன. அத்தேவாலயம் இரண்டாம் உலகப்போரில் சிதைந்தபின் அவை புனித தாமஸ் தேவாலயத்துக்கு மாற்றப்பட்டன. அங்கே பள்ளி மாணவர் குழு, பள்ளி நடைபெறும் வாரங்களில், சனிக்கிழமை பிற்பகல்களில் இன்றும் அவருடைய கான்டாட்டாக்களைப் பாடிவருகிறது.